மழைக்கோட்டுக்காரன் தாவும் இடம்

எங்கள் வீட்டில் எந்த இசைத்தட்டுக்கும் அதன் சொந்தப் பெயர் கிடையாது. அட்டையில் என்ன படமோ, அது ஓடியபோது என்ன கூத்து நடந்ததோ, அதுதான் பெயர். பாடகர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பது 'பல்'. குளிர்சாதனப் பெட்டியை நான்கு மாடி தூக்கி ஏற்றிய நாளில் ஓடியது 'இடுப்பு'. அன்று பிடித்துக்கொண்ட இடுப்பு இன்னும் விடவில்லை. இத்தனைக்கும் அந்தத் தட்டில் ஒரே ஒரு நல்ல பாட்டுத்தான். மகள் பிறந்த வாரம் ஓயாமல் ஓடியது 'துணி', காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெறும் தாளமாகவே போகும் ஒன்றின் பெயர் 'கீழ்வீடு'. அதைப் போட்டால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் தன் கூரையை இடிப்பார். என் மனைவி குதிகாலால் தரையில் பதில் தட்டுவாள். ஒருநாள் இருவருமாகச் சேர்ந்து ஒரு பாட்டை முழுதாக முடித்தே விட்டார்கள்.

பெயரெல்லாம் அவள் வைத்ததுதான். அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது.

அவள் லிஃப்ட் மெக்கானிக். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். "நான் ஜனங்களை மேலே ஏத்தி விடறேன். நீ அவங்களுக்குக் கீழே எவ்வளவு பள்ளம்னு காட்டிப் பயமுறுத்தற" என்பாள். ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில்கூட அவளுக்குத் தன் உடம்பைப் பற்றிக் குறை இல்லை. அங்கிருந்த லிஃப்டைப் பற்றித்தான். அது தரைமட்டத்துக்கு அரை அங்குலம் கீழே நிற்கிறதாம், ஸ்ட்ரெச்சர் குலுங்குகிறதாம். "யாராவது சாகறதுக்குள்ள இதைச் சரி பண்ணுங்க. யாருன்னு என்னைக் கேக்காதீங்க" என்று தள்ளிக்கொண்டு வந்த பணியாளரிடம் சொன்னாள். அந்த ஆள் சிரிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். வேறென்ன செய்வது.

அவள் தொழிலில் ஒரு விதி உண்டு. பழுதான பாகத்தை மாற்றினால் பழையதை வீசிவிடக் கூடாது. அதில் ஓர் அட்டைச் சீட்டைக் கட்டி, என்ன பாகம், ஏன் மாற்றினோம், மாற்றியபின் ஓட்டிப் பார்த்தோமா என்று எழுதி, கட்டட உரிமையாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். சீட்டின் கீழ்ப் பாதியைக் கிழித்து அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். அதுவரை அந்தப் பழைய பாகம் மெக்கானிக்கின் தலையில்.

இந்த வழக்கத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். குழாய் வாஷர் மாற்றினால், சீட்டுக் கட்டிய பழைய வாஷரோடு குளியலறைக் கதவைத் தட்டுவாள். "உரிமையாளரே, ஒரு கையெழுத்து." சோப்பு நுரையோடு போட்டிருக்கிறேன். மகளுக்கு முதல் பல் விழுந்தபோதும் அதில் ஒரு சீட்டு: 'பாகம்: முன்பல். காரணம்: தானாகக் கழன்றது.' மகள் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள்.

இனி மழைக்கோட்டுக்கு வருகிறேன். மழைக்கோட்டுப் போட்ட ஓர் ஆள் கையில் மீனோடு பஸ் நிறுத்தத்தில் நிற்கும் அட்டை. ஏன் மீன், யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பே அது என்னிடமும் இருந்தது, அவளிடமும் இருந்தது. இருவர் சேகரிப்பையும் ஒரே அலமாரியில் அடுக்கியபோது பதினொரு தட்டுகள் இரண்டிரண்டாக வந்தன. உபரியைப் பழைய தட்டுக் கடையில் கொடுத்துவிடுவது என்று பேசினோம். அவளுடைய அக்கா மட்டும் எச்சரித்தார். "எதையும் குடுக்காதீங்க. நாளைக்குச் சண்டை போட்டுப் பிரியணும்னா ஆளுக்கு ஒண்ணு வேணும்ல?" கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை, வாழ்த்து இப்படி.

பத்துத் தட்டுகள் சுமுகமாகப் போயின. மழைக்கோட்டில் சிக்கல். என் தட்டில் ஒரு கீறல். முதல் பக்கம், இரண்டாவது பாட்டு, 'ஈரக் குடையை மடிக்காமல் வாசலில் வந்து நின்றாய் ஏன்' என்ற வரி. என் தட்டில் ஊசி 'மடி'யில் வழுக்கி, 'நின்றாய் ஏன்' என்பதில் போய் விழும். கல்லூரி நாளிலிருந்து அப்படித்தான் கேட்டுப் பழக்கம். அவளுடைய தட்டு கண்ணாடி மாதிரி, ஒரு கீறல் இல்லை. ஆனால் அட்டையின் மூலையில் நீல மையில் 'அன்புடன்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இருந்த பெயரை பிளேடால் சுரண்டியிருந்தாள். பழைய காதலன். பெயர் போய்விட்டதால் நாங்கள் அவனை மிஸ்டர் அன்புடன் என்றே சொல்லிவந்தோம்.

"ஓட்டைத் தட்டை வெச்சுக்கிட்டு நல்லதைக் குடுக்கறதா?" என்றாள்.

"அன்புடன் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது."

"அவன் எங்கேடா இருக்கான்? பேரே இல்லை."

"அன்பு இருக்கே."

நான் அந்த வயதில் அவ்வளவு அற்பன். கடைசியில் அவளே தன் தட்டை எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில் கடையில் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அதோடு சண்டை முடியவில்லை. இரண்டாம் மாதம், ஒரு மதியச் சாப்பாட்டின்போது நான் மறுபடியும் அன்புடனை இழுத்தேன்; அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். ஆனால் மறுநாள் நான் கடையிலிருந்து வந்தபோது மிகவும் சாந்தமாக இருந்தாள். "உன் மழைக்கோட்டு எந்த வார்த்தைல தாவும்? பாடிக் காட்டு" என்று கேட்டாள். சமாதானத்துக்கு வருகிறாள் என்று நினைத்து, பெருமையோடு பாடிக் காட்டினேன்.

அந்த வார இறுதியில் தட்டைப் போட்டபோது, 'ஈரக் குடையை மடி ஏன்' என்றது.

"நின்றாய் எங்கே?" என்றேன்.

"என்ன நின்றாய்?"

"மடி, நின்றாய் ஏன். நின்றாய் வரும். இப்ப வரலையே?"

"ஊசி தேஞ்சிருக்கும். இல்லேன்னா உன் காதை எங்கேயாவது காட்டு."

நான் புது ஊசி வாங்கி மாட்டினேன். நின்றாய் வரவில்லை. நாளடைவில் பழகிவிட்டது. மகள் வளர்ந்ததே 'மடி ஏன்' கேட்டுத்தான். பள்ளியில் அந்தப் பாட்டை அவள் அப்படியே பாடி, ஆசிரியை திருத்தப் போக, "எங்க வீட்ல இப்படித்தான்" என்று அடம்பிடித்தாள். மறுநாள் அம்மாவும் போய் அதையே சொல்லிவிட்டு வந்தாள்.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், போன வாரம் வெள்ளிக்கிழமை மதியம் அவளோடு வேலை பார்த்த எட்டு மாடி வந்தார். உயரத்தால் வந்த பெயர். எங்கள் நிலைவாசலில் அவர் தலை இடிக்காத நாள் இல்லை. அன்றும் இடித்தார். வேலையிடத்தில் அவள் அலமாரியைக் காலி செய்து, சாமான்களை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். கையுறை, டார்ச், முழங்கால் பட்டை, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். அடியில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய தட்டையான ஒன்று.

அவர் போனபிறகு காகிதத்தைப் பிரித்தேன். மழைக்கோட்டு. மீன். மூலையில் நீல மையில் அன்புடன்.

கடையில் கொடுக்கவில்லை. இருபத்தாறு வருடம் வேலையிடத்தில் பூட்டி வைத்திருக்கிறாள். அப்படியே காகிதத்தை மூடினேன். சனிக்கிழமை காலை கடையில் ஒருவருக்கு வலது கண் எண்ணை இடது கண்ணுக்கு எழுதிவிட்டேன். அவர் நான்கு அடி நடந்துபார்த்து, "இந்தத் தெரு எப்பவுமே சாய்வா சார்?" என்று திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அவளை நினைத்துக் கூடுவதாக ஏற்பாடு. அக்காவின் யோசனை. ஒவ்வொருவரும் அவளை ஞாபகப்படுத்தும் ஒரு தட்டைக் கொண்டுவர வேண்டும். "அழறதுக்கு ஆளுக்கு ஒரு பாட்டு. ஒரே பாட்டுக்கு எல்லாரும் அழுதா நல்லா இருக்காது." முடிவில் மழைக்கோட்டு என்பது பேசாமலே தீர்மானமானது. நாற்காலி போட அக்காவும் மகளும் சனி மதியமே வந்தார்கள்.

"நாளைக்கு மழைக்கோட்டு வேண்டாம்" என்றேன்.

"ஏன் மாப்பிள்ளை, வெயிலா இருக்கா?" என்றார் அக்கா.

நான் பழுப்புப் பொதியை மேசையில் வைத்தேன். அக்கா அட்டையைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, இவனா! இவன் இப்ப எப்படி இருக்கான் தெரியுமா? போன வருஷம் பஸ்ல பாத்தேன். பக்கத்துல உக்காந்தும் என்னை அடையாளம் தெரியலை. கண்ணாடி போடணும். உங்க கடைக்கு அனுப்பட்டுமா?"

"இருபத்தாறு வருஷம் இதைப் பூட்டி வெச்சிருந்திருக்கா அக்கா."

சிரிப்பு நின்றது. "உள்ளே பாத்தீங்களா?"

"எதுக்கு? அட்டையே சொல்லுதே."

"ஊர்ல உள்ளவன் கண்ணுக்குள்ள எல்லாம் டார்ச் அடிச்சுப் பாக்கறீங்க. கையில இருக்கற அட்டைக்குள்ள பாக்க மாட்டீங்களா?"

"தள்ளுங்க பெரியம்மா" என்று மகள் அட்டையை வாங்கிச் சாய்த்தாள். கறுப்பாக இரண்டு பெரிய துண்டும் ஒரு சின்னப் பிறைத் துண்டும் மேசையில் சறுக்கி விழுந்தன. கூடவே நூல் கட்டிய அட்டைச் சீட்டு.

எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. மகள் சீட்டை உரக்க வாசித்தாள்.

"பாகம்: மழைக்கோட்டு, இவருடையது. நிலை: இரண்டரைத் துண்டு. காரணம்: இயக்கியவரின் தவறு. மாற்றுப் பாகம்: மழைக்கோட்டு, என்னுடையது. சோதனை: பொருத்தி, கீறி, ஓட்டிப் பார்த்தாயிற்று. முன்போலவே தாவுகிறது." அவள் நிறுத்தினாள். "கீழே அம்மா கையெழுத்து. உரிமையாளர் பார்வையிட்டார்னு ஒரு கோடு, அது காலி."

தேதி, அந்தச் சாப்பாட்டுச் சண்டை நடந்த வாரம்.

நான் என் தட்டுகளின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். கடையில் லென்ஸில் குறி வைக்கும் பென்சில். உடைந்த துண்டில் அந்தப் புள்ளி இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன், மெழுகு ஒட்டிக்கொண்டு வந்தது. அலமாரியிலிருந்து எங்கள் மழைக்கோட்டை எடுத்தேன். அதிலும் மஞ்சள் புள்ளி. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. பெயிண்ட். இருபத்தாறு வருடமாக நான் அன்புடனின் தட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இயக்கியவர்னா யாரு, அம்மாவா நீங்களா?" என்றாள் மகள்.

"தட்டு மேல உக்காந்திருப்பா" என்றேன்.

"உக்காந்தா இவ்வளவு அழகா உடையாது" என்றார் அக்கா. "உங்க மேல இருந்த கோபத்துல முழங்கால்ல வெச்சு உடைச்சிருப்பா. என் தங்கச்சியை எனக்குத் தெரியாதா?"

எனக்கும் தெரியும். இரண்டுமே அவளால் முடியும்.

கடையிலிருந்து கொண்டுவந்திருந்த உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு எங்கள் தட்டின் இரண்டாவது பாட்டைப் பார்த்தேன். என் வேலையே கீறல் பார்ப்பதுதான், ஆனால் இதை ஒருநாளும் பார்த்ததில்லை. தாவும் இடத்தில் ஒரு கீறல் இல்லை, மூன்று. முதலாவது மிக மெல்லியது. ஊசி அதைக் கவனித்திருக்காது. இரண்டாவது அரை நூல் தள்ளி. மூன்றாவதுதான் ஆழம். ஒவ்வொரு முறையும் கீறி, ஊசியை வைத்து, கேட்டு, சரியில்லை என்று எடுத்து, மறுபடியும் கீறியிருக்கிறாள். தன்னுடைய, ஒரு கீறல் இல்லாத தட்டை. நான் பாடிக் காட்டியதை மனதில் வைத்துக்கொண்டு.

"என்ன தெரியுது?" என்றார் அக்கா.

"ஸ்க்ரூடிரைவர்" என்றேன். உருப்பெருக்கியைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் குனிந்திருந்தேன். அதில் ஒரு சௌகரியம், கண் வெளியே தெரியாது.

ஏன் கையெழுத்து வாங்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வாஷருக்குக் குளியலறைக் கதவைத் தட்டியவள். முதலில் பயந்திருப்பாள், பிறகு தள்ளிப்போட்டிருப்பாள், அப்புறம் இதை நினைத்து வேலையிடத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்திருப்பாள். மூன்றாவதுதான் அவள் சாயல். ஆனால் வீசிவிடவும் இல்லை. கையெழுத்து ஆகாத பாகம் அவள் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேர் வந்தார்கள். கீழ்வீட்டுக்காரர் 'கீழ்வீடு' வேண்டும் என்று கேட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று துடைப்பக்கட்டையும் கொண்டுவந்திருந்தார். கடைசியில் மழைக்கோட்டு. இரண்டாவது பாட்டில், 'ஈரக் குடையை மடி' என்றதும் மகளும் அக்காவும் எட்டு மாடியும் எல்லாருமாக, ஒரே மூச்சில், 'ஏன்' என்று தாவினார்கள். சரியாக அங்கேதான் அக்கா அழுதார். நான் அழவில்லை, எனக்கு 'இடுப்பு' ஓடும்போதே ஆகிவிட்டது.

எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எட்டு மாடியிடம் சீட்டைக் காட்டினேன். அவர் நூலைத் தொட்டுப் பார்த்தார். "எங்க ஆபீஸ் சீட்டுதான். பழைய அச்சு. நீங்க கையெழுத்துப் போட்டா, கீழ்ப் பாதியை நான் சேர்த்துடறேன். இல்லேன்னா இது அவங்க பேர்லயே நிக்கும்."

"இத்தனை வருஷம் கழிச்சு வாங்குவாங்களா?"

"லிஃப்ட் எந்தக் கட்டடம்னு கேப்பாங்க. நான் ஏதாவது சொல்லிக்கறேன்."

பேனாவை எடுத்தேன். பார்வையிட்டார் என்ற கோட்டில் கையெழுத்தும் தேதியும் போட்டேன். அதற்குக் கீழே, உரிமையாளரின் குறைகள் ஏதும் இருந்தால், என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. இத்தனை சீட்டில் கையெழுத்துப் போட்டும் அதை நான் நிரப்பியதே இல்லை. அக்கா தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

எழுதினேன்: 'நின்றாய் வரவில்லை. அப்போதே சொன்னேன்.'

கீழ்ப் பாதியைக் கிழித்துக் கொடுத்தேன். எட்டு மாடி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குனிய மறந்து, நிலையில் இடித்துக்கொண்டு போனார்.