கிராபிக்ஸ் கார்டு

இரண்டு கட்டைவிரல்களாலும் கார்டை ஸ்லாட்டுக்குள் அழுத்தினாள் வஜிஹா. 'டக்' என்று உட்கார்ந்தது.

"உக்காந்துருச்சா?" என்றான் ஃபைஸான். மூச்சு மெஷினின் மாஸ்க்குக்குள் குரல் அமுங்கியிருந்தது.

"உக்காந்துருச்சுண்ணா."

அண்ணனுக்கு இருபத்தொன்பது வயது. தசைகள் ஒவ்வொன்றாகத் தளரும் நோய். பன்னிரண்டு வயதில் நடை நின்றது. இப்போது மிச்சமிருப்பது வலது கையில் இரண்டு விரல்கள். அவற்றை மவுஸில் வைத்துக்கொண்டு கேமில் லாரி ஓட்டுவான். ஆறு மாதமாக அதுவும் திக்கித் திக்கித்தான் ஓடியது. கம்ப்யூட்டர் பத்து வருடப் பழசு.

புதிதாக வாங்க வழியில்லை. பழைய பவர் சப்ளையே தாங்கும்படியான ஒரு கார்டை நான்கு மாதம் வீடியோ பார்த்துத் தேடிப் பிடித்தவன் அவன்தான். பெங்களூருக்குப் போய் அதையும் ஒரு எட்டு ஜிபி ரேமையும் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தது வஜிஹா. ஓசூர் கம்பெனியில் நாள் முழுக்க போர்டு டெஸ்ட் பண்ணுகிற கை அவளுடையது. இன்று அவளுக்கு வாரலீவு. அத்தா குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போயிருந்தார்.

மணி பன்னிரண்டு. பவர் பட்டனை அழுத்தினாள். மூன்று பீப். மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

"ரேமு... சரியா... ஒட்டல."

வார்த்தைக்கு வார்த்தை அவன் மூச்சு வாங்கியதை அப்போதுதான் கவனித்தாள். தோள் இரண்டும் ஏறி இறங்கின. விரலில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் கிளிப்பில் எண்பத்தாறு காட்டியது. காலையில் தொண்ணூற்று மூன்று இருந்தது. மாஸ்க்கை இறுக்கிப் பார்த்தாள். எண் ஏறவில்லை.

போனை எடுத்தாள்.

"வாணாம் வஜி."

"லேசா மூச்சு வாங்குனாலே 108-க்கு அடிக்கச் சொல்லியிருக்காருண்ணா அத்தா."

"இந்த தடவ... தொண்டைல குழாய் போட்ருவாங்க. டாக்டர் சொன்னார்ல. அப்பறம்... நான் வூட்டுக்கு வரமாட்டேன்." கண்ணைக் கறுப்பு மானிட்டர் பக்கம் திருப்பினான். "பத்து நிமிசம் குடு."

போனை மடியில் வைத்தாள். ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாள். கிளிப்பைப் பார்த்தாள். எண்பத்து நான்கு. திரும்பப் பொருத்தி அழுத்தினாள். ஒரே ஒரு பீப். மானிட்டரில் வெளிச்சம் வந்தது.

டிரைவர் இன்ஸ்டால் ஆகும் பச்சைக் கோடு ஊர்ந்தது. அவள் கோட்டைப் பார்த்தாள், கிளிப்பைப் பார்த்தாள், மறுபடி கோட்டைப் பார்த்தாள். எண்பத்தொன்று. அவன் உதடு நீலம் பாரித்தது.

மணி பன்னிரண்டேகால். அவள் 108-ஐ அழைத்தாள். பிறகு அத்தாவை. அவன் தடுக்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கேம் திறந்தது. மலைச்சாலை, மழை. இந்த இடத்தில்தான் எப்போதும் படம் உறைந்து நின்றுவிடும். அவன் கையைத் தூக்கி மவுஸில் வைத்துவிட்டாள். இரண்டு விரல்கள் அசைந்தன. லாரி ஒரு வளைவைத் திரும்பியது. அடுத்த வளைவையும்.

"பாரு," என்றான். "நிக்கல."

ஆம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே வந்தபோது லாரி தடுப்புச்சுவரில் இடித்து நின்றிருந்தது. என்ஜின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நாடி பார்த்தவர் ஸ்ட்ரெச்சரை விரிக்கவில்லை.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வஜிஹா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அத்தா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பன்னெண்டேகாலுக்குப் போன் வந்துச்சுன்னாங்க ஆம்புலன்ஸ்ல," என்றார். "எப்பருந்து மூச்சு வாங்குச்சு?"

அப்போதுதான் ஆரம்பித்தது என்று சொல்லிவிடலாம். பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

"பன்னெண்டு மணிக்கே தெரியும்த்தா."

"பின்ன?"

"அண்ணன் பத்து நிமிசம் கேட்டுச்சு. நான் குடுத்தேன்."

அவர் அவளையே பார்த்தார். வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பிப் போனார்கள். அந்தச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து அடங்கியது. அவள் தலை குனிந்தாள்.

பக்கத்து வீட்டு ஜெயப்ரியா வைத்துவிட்டுப் போன டீ பிளாஸ்க்கை இழுத்தார் அத்தா. மூடியைத் திருகுவதற்கு நேரம் பிடித்தது. இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றை அவள் பக்கம் நீட்டினார். நகக்கண்ணெல்லாம் ஈரமண். அவள் வாங்கிக்கொள்ளும்வரை கையை நீட்டியபடியே இருந்தார்.