இமையில் மஞ்சள்

ஜெபிஷா அழகு கிளினிக்கின் அறைக் கதவைத் தட்டவில்லை, தள்ளினாள்.

உள்ளே சாய்வு நாற்காலியில் அவள் தங்கை ஜெப்ஸி கண்மூடிப் படுத்திருந்தாள். வெள்ளைக் கோட்டு போட்ட இளைஞன் ஒருவன் அவள் முகத்தின் மேல் குனிந்திருந்தான். அவன் கையிலிருந்த பஞ்சுக்குச்சி வலது இமையைத் தொடப்போகும் நேரம். ஜெபிஷா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"குச்சியைக் கீழ வைங்க தம்பி."

"மேடம், இது ஆசிட். ஆட்டாதீங்க, கண்ணுல பட்டுரும்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். வைங்க."

வைத்தான். கோட்டுப் பையில் கிளைட்டன் என்று நூலால் தைத்திருந்தது. மூலை சோபாவில், மடியில் கைப்பையோடு, பரீட்சை ஹாலுக்குக் காவல் இருப்பதுபோல் அம்மா தேவகனி டீச்சர்.

"ஏளா, செருப்பை வெளிய கழட்டிப் போட்டுட்டு வா," என்றாள் அம்மா.

ஜெபிஷாவுக்கு உச்சந்தலை சுட்டது. ஹார்பர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்தவளிடம் பேசுகிற முதல் பேச்சு.

ஜெப்ஸியின் மேல் இமை இரண்டிலும், மூக்கை ஒட்டிய ஓரத்தில், உடைத்த பருப்பை ஒட்டவைத்ததுபோல் மஞ்சளாகத் தடித்திருந்தது. போன வாரம் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். கொலஸ்ட்ரால் படிவு. எடுப்பது பெரிய காரியமில்லை. ஆனால் இந்த வயதில் வந்திருப்பது சரியில்லை. முதலில் ரத்தம் பாருங்கள். வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் ஹார்ட் அட்டாக் உண்டா என்று கேட்டு வாருங்கள். அன்றிலிருந்து அம்மா நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். இன்றைக்கு இந்த நாற்காலியிலிருந்து ஜெப்ஸி ஒரு செல்ஃபி அனுப்பியிருந்தாள். நாளை ஞாயிறு ஆராதனையில் ஜெப்ஸிக்குக் கல்யாண ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை சொல்ல ஆள் உண்டா என்று சபை நடுவே கேட்கிற சடங்கு.

"டாக்டர் எங்க?" என்றாள் ஜெபிஷா.

"சென்னைல இருக்காங்க மேடம். வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புனோம். ஓகே சொல்லிட்டாங்க."

"போட்டோவுல ரத்தம் தெரிஞ்சுதாமா அவருக்கு?"

"நாங்க வெளிய உள்ளதைத்தான் எடுக்கோம். உள்ள உள்ளது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல."

"நல்லா இருக்கு. வாசல்ல கல்யாண ஸ்பெஷல்னு போர்டு போட்டிருக்கீயளே, கண்ணு போனா என்ன ஸ்பெஷல்னும் அதுலயே எழுதிருங்க."

"ஏளா, சத்தம் போடாத. வெளிய ஆள் உக்காந்திருக்கு," என்றாள் அம்மா.

"ரத்தம் குடுக்க என்னம்மா பயம்? ஊர் முழுக்க லேப்புதானே?"

"எந்த லேப்புல நம்ம சபை ஆள் இல்ல? ரிசல்ட்டு நம்ம கைக்கு வாரதுக்குள்ள சாத்தான்குளத்துக்கு, சம்பந்தி வீட்டுக்குப் போயிரும். பொண்ணுக்கு ரத்தத்துல கோளாறாம்னு ஒரு வார்த்தை போதும்."

"அப்ப மதுரைக்குப் போவோம்."

"மதுரைலயும் இருக்காங்க."

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் ஜெபிஷாவுக்கு இன்னும் எரிந்தது. கரும்பலகையில் இதயம் வரைந்து, ரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்று நாசரேத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்திய டீச்சர் இவள்.

"சம்பந்திக்குப் பயந்து இவ உசிரை வச்சு விளையாடுதீயளே, ஒங்களுக்கு வெக்கமா இல்லையாம்மா? இந்த மஞ்சளைச் சுட்டுட்டா உள்ள ஓடுத கொழுப்பு நின்னுருமா? எச்சரிக்கை போர்டைப் புடுங்கிப் போட்டுட்டு ரோடு நல்லாருக்குன்னு சொல்லுதீய."

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

ஜெப்ஸி முழங்கையை ஊன்றி எழுந்தாள். "அக்கா, போதும். கண்ணுல என்ன பீளையான்னு ஒன்ன யாரும் கேட்டதில்ல. என்னைய ஆபீஸ்ல தினம் ஒருத்தர் கேக்காங்க. வீட்டுல யாருக்காவது உண்டான்னு டாக்டர் கேட்டாரு. நம்ம வீட்டுல யாருக்கு நெஞ்சு வலி? அப்பா மோட்டார்ல ஷாக் அடிச்சு செத்தாங்க. அது பரம்பரையா வருமா?"

அப்பா எபனேசர் வாழைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போனவர் பிணமாகத்தான் வந்தார். அப்போது ஜெப்ஸி ஒன்றாம் வகுப்பு. ஊருக்கே தெரிந்த கதை.

"ரத்தம் பாத்துட்டு வந்து எடுளா," என்றாள் ஜெபிஷா. குரல் இறங்கிவிட்டது.

"கல்யாணம் முடியட்டும், பாக்கேன். தம்பி, நீங்க வைங்க."

கிளைட்டன் புதுக் குச்சி எடுத்து முக்கினான். ஜெப்ஸி மறுபடி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "எம்மா, நீங்களே இவகிட்டச் சொல்லுங்க. நம்ம வீட்டுல யாருக்காவது உண்டா?"

கைப்பை தரையில் விழுந்தது. அம்மா எழுந்து நின்றாள்.

"தம்பி, வைக்காதீங்க."

"டீச்சர், கடைசி நேரத்துல இப்படி..."

அம்மா அவனைப் பார்க்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூடியிருந்த அந்த இமைகளையே பார்த்தாள்.

"அன்னைக்குக் காலைலருந்து ஊர்லயே கரண்ட் இல்லளா," என்றாள். "மோட்டார் ஓடவே இல்ல. ஒங்கப்பா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வரப்புல உக்காந்தவங்கதான். நெஞ்சு நோவுக்காரன் மக்கள்னு ஒங்க ரெண்டு பேருக்கும் பேரு வந்திரக் கூடாதுன்னு நான்தான் ஷாக்குன்னு சொன்னேன். அவங்களுக்கும் இதே எடத்துல இருந்துச்சு. சுவத்துல தொங்குத போட்டோவுல இருக்காது. ஸ்டுடியோக்காரங்கிட்டச் சொல்லி அதையும் நான்தான் அழிச்சேன்."