யாருடைய வெள்ளிக்கிழமை

1

இந்தக் கதை, தேவாலய வாசலில் மழையில் நின்றபோது எனக்குக் கிடைத்தது. முன்னால் இருவர், நீ போ, நீ போ என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் பரோயே தீவுகளில் உள்ள எங்கள் ஊரே நனைந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை. எழுத்து கொஞ்சம் துள்ளினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: “ரன்வாவின் குரலில் கடலின் ஆழ்ந்த சோகம்...”

(வேண்டாம். அவள் மழலையர் பள்ளியில் வேலை பார்ப்பவள். குரலில் இருந்தது சளி.)

இரண்டாம் தொடக்கம்: ரன்வா தன் முதல் பாட்டை வெளியிடத் திட்டமிட்டாள். நிறுவனமும் இல்லை, மேலாளரும் இல்லை. அட்டைப்படம், இணையத்தில் ஏற்றுவது, முன்னோட்டத் துணுக்கு, எல்லாம் அவளே. சமையலறைக் காலண்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அத்தனை நிறமும் ஒரு வெள்ளிக்கிழமையில் போய் முடிந்தது. வெள்ளி காலையில்தான் ஊர் வானொலியில் ஓலுவா புதுப் பாட்டு ஒன்று போடுவாள். ஏற்கெனவே பயந்து பின்வாங்கியவள் ரன்வா. இந்த முறையும் நழுவினால் இனிப் பாடப்போவதில்லை என்று அவளுக்கே தெரியும்.

3

அப்போதுதான், ஹெக்னியின் முதல் பாட்டும் அதே வெள்ளிக்கிழமை என்று தெரியவந்தது. ஹெக்னி தீவுப் படகில் வேலை செய்கிறவன். குளிர்காலம் முழுக்க அவள் பாட்டுக்குச் சும்மாவே டிரம்ஸ் வாசித்தவன். ரன்வா சத்தமில்லாமல் தன் தேதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளினாள்.

(இந்த இடத்தில் ஹெக்னியைச் சுயநலக்காரனாக்கிப் பார்த்தேன். கதை சூடுபிடித்தது. அவன்தான் ஒத்துழைக்கவில்லை.)

அவனும் சத்தமில்லாமல் தள்ளினான், அதே வாரத்துக்கு. தெரிந்ததும் அவள் மறுபடி தள்ளினாள். அவனும்தான். கடைசியில் இரண்டு பாட்டும், ஊரே மலையேறி ஆடு ஓட்டி வரும் வெள்ளிக்கிழமையில் வந்து நின்றன. அன்று வானொலி கேட்க ஊரில் ஒரு பூனை மிஞ்சினால் அதிகம்.

4

வாசலில் வழிவிட்டவர்கள் இவர்களேதான். எனக்குப் பின்னால் நின்ற ஓலுவாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“உள்ள நுழையறதுக்கும் தேதி தள்ளிப் போடுறீங்களா? ஆடு ஓட்டுற நாளெல்லாம் வேண்டாம். வர்ற வெள்ளிக்கிழமை ஒரு பாட்டு போடுறேன். யாரோடதுன்னு இப்பவே சொல்லுங்க.”

“அவளோடது,” என்றான் ஹெக்னி.

“டேய், சும்மா இரு. இவனோடத போடுங்க அக்கா.”

“இதையும் விட்டா நீ அப்புறம் பாடவே மாட்ட. எனக்குத் தெரியாதா?”

 ரன்வாவின் மூக்கு நுனியில் ஒரு மழைத்துளி தொங்கியது.

(இரண்டையும் போடலாமே என்கிறீர்கள். நானும் கேட்டேன். ஒரு பாட்டு ஊர் வாயில் ஒரு வாரமாவது தனியாக இருக்க வேண்டாமா என்று ஓலுவா என்னையும் சேர்த்துத் திட்டினாள்.)

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ரன்வாவின் பாட்டு; ஹெக்னி அதைப் படகின் ஒலிபெருக்கியில் அலறவிடுகிறான். மற்றதில் ஹெக்னியின் பாட்டு. ரன்வாவின் பள்ளிப் பிள்ளைகள் கரண்டியால் மேசையில் தாளம் போடுகிறார்கள். காலையில் எடுத்துப் பார்த்தால், முதல் முடிவு இரண்டாவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. இரண்டாவதும் அப்படியே. நடுவில் வெறும் தாள்.

இப்படி வழிவிடுகிறவர்களோடு கடவுளும் வெளியே நனைந்துகொண்டு நிற்கிறார் என்பது என் நம்பிக்கை. விட்டுக்கொடுப்பதைப் போலவே, கொடுத்ததை வாங்கிக்கொள்வதும் ஓர் அன்புதான் என்று அன்று வாசலிலேயே ரன்வாவிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் ஒரு காலைத் தூக்கி வாசற்படியில் வைத்துவிட்டாள்.

“அப்ப சரி அக்கா, வெள்ளிக்கிழமை...”

மீதியை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பின்னால் நாங்கள் நனைகிறோம்.