இறக்கிய ஹேண்டில்பார்

யாராவது என்னிடம் எதிர்காற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. எரிச்சல் அவர்கள் மேல் இல்லை, என் மேல்தான்.

ஆம்ப்ரோஸ் அண்ணன் பெங்களூர் பிரேசர் டவுன்காரர். ஐம்பத்திரண்டு வயது. ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார். ஆரணியிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து, ஒருத்தரையும் தெரியாமல் நான் முழித்துக்கொண்டிருந்தபோது சனிக்கிழமைதோறும் என்னைச் சைக்கிளில் கூட்டிப்போனவர். நந்தி மலை அடிவாரம் வரை போய்த் திரும்புவோம். நிமிர்ந்து உட்கார்ந்து, திராட்சைத் தோட்டத்தையும் ஏரியையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே மிதிப்பார்.

எனக்குத்தான் கிறுக்குப் பிடித்தது. யூட்யூபில் பந்தய வீரர்களைப் பார்த்துப் பார்த்து, உடம்பு குனிந்தால் எதிர்காற்று தடுக்காது, வேகம் கூடும் என்று பேச ஆரம்பித்தேன். ஜோடியாக ஓட்டும் நாற்பது கிலோமீட்டர் பந்தயம் ஒன்றுக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

"உனக்கு ஆசைன்னா வரேன்பா" என்றார் அண்ணன்.

நோயலின் சைக்கிள் கடையில் அவர் ஹேண்டில்பாரை மூன்று விரல் இறக்கினேன். அதோடு விட்டேனா? ஹேண்டில்பாரைத் தாங்கி மேலே நீட்டிக்கொண்டிருந்த ஃபோர்க் தண்டை ரம்பம் வாங்கி அறுத்தும் தள்ளினேன்.

"சார், ஒரு வாரம் ஓட்டிப் பாக்கட்டும் சார். அறுத்தா அப்புறம் ஏத்த முடியாது" என்று நோயல் தலைபாடாய் அடித்துக்கொண்டான்.

"ரேஸ்காரன் எல்லாம் இப்படித்தான் வெச்சிருக்கான், சும்மா இருப்பா!" என்றேன்.

ரேஸ்காரன் மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டரில் பறக்கிறான். அதுதான் அவன் சோறு. கழுத்தைப் பிடித்துவிட அவனுக்கு ஆள் இருக்கிறது. நாங்களோ இருபத்தைந்தைத் தாண்டினாலே பெருமைப்படுகிறவர்கள். இது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

முப்பது ஜோடியில் இருபத்தாறாவதாக வந்தோம். நான் குதித்தேன். அண்ணன் கழுத்தைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாம் வாரம் வீட்டுக்கே போனேன்.

"அண்ணா, தப்புப் பண்ணிட்டேன். வேற ஃபோர்க் போட்டு, பழையபடி ஒசத்திக் குடுத்துடறேன்."

"சைக்கிள ஹரிஷுக்குக் குடுத்துட்டேன்பா. எங்க டிபார்ட்மென்ட் பையன். சின்ன வயசு, அவனுக்குக் குனியறது கஷ்டமில்ல."

"அன்னிக்கே வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா."

"நீ அவ்ளோ குஷியா இருந்தே. எப்படிச் சொல்றது? கழுத்து இப்ப பரவால்ல. ஆனா அன்னிக்கு நாப்பது கிலோமீட்டரும் உன் பின்சக்கரத்தைத்தான் பாத்துட்டு வந்தேன். அப்பவே சைக்கிள் ஆசை விட்டுப்போச்சு."

அவர் மனைவி கொடுத்த காப்பியை எப்படிக் குடித்தேன் என்றே தெரியவில்லை. இப்போது காலையில் வாக்கிங் போவதாக அண்ணன் சொன்னார்.

"நானும் வரட்டுமாண்ணா?"

தோளில் தட்டினார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "வேணாம்பா சுந்தரேசா. நீ வேகமா நடப்பே."