பால்சுறா வறை

றொசானாவுக்குப் பால் சுரக்கவில்லை. பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள், நிறை இறங்கிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமைக்குள் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும் என்று தாதி சொல்லிவிட்டுப் போனாள். புட்டிப்பாலையோ பயல் நாக்கால் தள்ளித் தள்ளித் துப்பினான். அந்த வயதிலேயே அவ்வளவு பிடிவாதம்!

அவள் புருஷன் றெக்ஸ் மன்னார்க்காரன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறா வறை கொடுக்கவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வில்லரேப் பகுதியிலுள்ள தமிழ்க்கடைக்கு ஓடினான். ஐஸ்பெட்டியில் ஒன்றே ஒன்று கிடந்தது. ஒரு கை நீளம், வயிறு புடைத்திருந்தது.

"நல்ல கொழுத்தது தம்பி, கொண்டு போங்கோ," என்றார் கடைக்காரர் பேரின்பநாதன்.

கொழுப்பா அது! வயிற்றில் குட்டியோடு சுறா வலையில் பட்டால், வீட்டில் உலை ஏறாத நாளிலும் றெக்ஸின் அப்பா அதைக் கடலில் விட்டுவிடுவார். மகனுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் வாங்கினான். தன் பிள்ளை காய்ந்து கிடக்கும்போது வேறென்ன செய்வான், பாவம்.

வீட்டில் வயிற்றைக் கீறியதும் நாலு குட்டிகள் கொடியோடு வழுக்கி விழுந்தன. அவற்றைப் பையில் போட்டு இறுகக் கட்டி பல்கனிப் பனியில் வைத்தான். குப்பைவண்டி வெள்ளிக்கிழமைதான் வரும். றொசானாவிடம் மூச்சுக்கூட விடவில்லை.

மத்தியானம் அவள் தேங்காய்ப்பூவும் உள்ளியும் போட்ட வறையை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். மூன்று மணிக்குச் சட்டை நனைந்தது. பிள்ளை மடமடவென்று குடித்ததைப் பார்த்து றெக்ஸ் அழுதேவிட்டான்.

வியாழக்கிழமை பின்னேரம் தாதி நிறுத்துப் பார்த்தாள். நிறை ஏறியிருந்தது. அவளை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்தால், பிள்ளை தொட்டிலில் தூங்குகிறான், றொசானா மட்டும் சட்டையை மூடாமல் சோபாவில் இருந்து மடியை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

"பிள்ளை நித்திரையெல்லே? ஏன் இன்னும் இருக்கிறீர்?"

"அவன் குடிச்சிட்டான்," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "மற்ற நாலும் இன்னும் விடேல்லை."

நாலென்று இவளுக்கு யார் சொன்னது? றெக்ஸ் பல்கனிக் கதவைத் திறந்தான். வெளியே மைனஸ் பதினெட்டு. பையில் அவன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்துப் பார்த்தான். நாலு குட்டிகளின் வாயிலும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பனியாக்கும் என்று விரலால் துடைத்தான்.

அது இளஞ்சூடாக இருந்தது.

"என்னப்பா," உள்ளேயிருந்து றொசானா கூப்பிட்டாள். "அதுகளை உள்ள கொண்டு வாங்கோ. குளிருமெல்லே."