பசை இறுகும் வரை

இசைப்பள்ளியின் படிகளை அவள் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் தங்கை மட்டும். அப்பா காலையிலிருந்து போனையே எடுக்கவில்லை.

கூடத்தில் பெரிய பியானோ வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் உள்பொறியை அப்படியே வெளியே இழுத்து நீளமேசையில் வைத்திருந்தார் அப்பா. தேய்ந்த சுத்தியல்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை ஒட்டிக்கொண்டிருந்தார். தந்திகளைத் தட்டி ஒலியெழுப்பும், கம்பளி சுற்றிய, விரல் நீளச் சுத்தியல்கள். பசைச் சட்டியிலிருந்து ஆவி வந்தது.

"கிளம்புங்கப்பா. எல்லாரையும் வந்து பாத்துக்கச் சொல்லிட்டாரு டாக்டர்."

"இந்த வரிசைய முடிச்சுட்டு வரேன்."

"அம்மா உங்களத்தான் கேக்கறாங்க."

"நான் வந்து நின்னா எழுந்து உக்காந்துடுவாளா?"

"நான் பொறந்தப்பவும் இதத்தான் சொன்னீங்களாமே. 'நான் வந்து நின்னா வலி கொறஞ்சிடுமா'ன்னு. அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"சிரிச்சாளா?"

"வேற என்ன பண்ணுவாங்க?"

அவர் ஒரு மரக்காம்பின் நுனியில் பசையைத் தடவிச் சுத்தியலைச் செருகினார். பசை காம்பில் வழிந்தது. வேலையில் அவர் பசை சிந்தி அவள் பார்த்ததில்லை.

வரிசையின் இரண்டு ஓரத்திலும் பழைய சுத்தியல் ஒவ்வொன்றை அளவுக்காக விட்டிருந்தார். புதியவை எல்லாம் அவற்றுக்கு நேராக நிற்க வேண்டும். பள்ளி விடுமுறைகளில் அவருக்கு கோணல் பார்த்துச் சொல்லிப் பழகிய கண் அவளுக்கு.

"இடப்பக்கம் சாயுது" என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் குரலே அவள் காதில் விழுந்தது.

"பிடி. பசை இறுகற வரைக்கும் அசைக்காத."

பிடித்தாள். மேசை ஓரத்தில் வைத்திருந்த அவளுடைய போன் அடித்தது. தங்கை. அப்பா குனிந்து, ஒரு கண்ணை மூடி, வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரை மட்டும் ஒளிர்ந்தது.

'அக்கா, போயிட்டாங்க.'

திரை அவருக்கும் தெரிகிற தூரம்தான்.

"இப்ப நேரா இருக்கா?" அப்பா நிமிரவில்லை.

"இருக்கு."

கையை எடுக்கப் பார்த்தாள். கட்டைவிரல் பசையில் ஒட்டியிருந்தது. பிய்த்தெடுத்தாள். சுத்தியல் அசையவில்லை.