வாசல்நிலையில் முளைத்த ஈச்சமரம்

கிறிஸ்துராஜின் வாசல்நிலையில் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவை, 1993-ஆம் வருடம் ஈஸ்டருக்குள் வேர்விட்டு, மழைக்காலத்தில் முள் வைத்தது. அந்த வருடம் சின்னாளப்பட்டிப் பக்கம் மழை சுமார்தான்.

அது அவரே வெட்டிய மரத்தின் குருத்து. அண்ணன் செத்த கையோடு, அண்ணன் மனைவி வியாகுலம்மாளின் தோட்டத்துக்கும் தன் தோட்டத்துக்கும் நடுவே எல்லையாக நின்ற ஈச்சமரத்தைச் சாய்த்துவிட்டு, எல்லைக்கல்லைத் தள்ளி நட்டார். கிணறு அவர் பக்கம் போயிற்று. வியாகுலம்மாளின் மல்லிகைத் தோட்டம் அவள் கண்ணெதிரே கருகியது. நியாயம் பேச வந்தவர்கள் எல்லாரும் அவர் வீட்டில் கறிச்சோறு தின்றவர்கள். அத்தோடு விட்டிருக்கலாம். காசில்லாமல் கிடைக்கிறதே என்று அந்த மரத்துக் குருத்தையே குருத்து ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து, வாசலில் செருகினார். கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

மந்திரித்த ஓலையில் அரிவாள் படக்கூடாது. காய்ந்தபின் அடுத்த வருடச் சாம்பல் புதனுக்கு எரிப்பதுதான் முறை. எரிக்க அது காய வேண்டுமே! பச்சைப்பசேலென்று மட்டை விரித்து வாசலை அடைத்தது. மருமகள் ரீனா குடத்தோடு போவாள், ஆடு குட்டி போகும், ஒரு முள்ளும் தைக்காது. கிறிஸ்துராஜ் போனால் வேட்டியைத் தாண்டித் தைத்தது. கொல்லை வழியே போய்ப் பார்த்தார். மறுவாரம் அங்கேயும் ஒரு மட்டை நீண்டு நின்றது.

வியாகுலம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது. ஊர்க்குழாய்க்குப் போக வேறு வழி இருந்தும் அந்தத் தெரு வழியேதான் போனாள்.

"என்ன கொழுந்தனாரே, இன்னிக்கு எம்புட்டு முள்ளு?" என்று வாய்நிறையக் கேட்டாள். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் இதை மட்டும் அவள் சொன்னதில்லை. இது பாவம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

ஊருக்குள் செல்போன் வந்த காலத்தில், உடம்பெல்லாம் தழும்பான கிறிஸ்துராஜ், ஊர் பார்க்க எல்லைக்கல்லைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே நட்டார்.

"மதினி, கிணத்த எடுத்துக்கிருங்க. அந்த மரத்தப் போகச் சொல்லுங்க. முள்ளு தைக்காம நான் வெளிய வந்து வருசக்கணக்காச்சு" என்று அழுதார்.

"கெணறு எம் புருசன் வெட்டுனது. மரத்துக்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்றாள்.

அன்று சாயங்காலம் கிணற்றில் இறைத்த முதல் வாளித் தண்ணீரை அவள் காய்ந்த தோட்டத்துக்கு விடவில்லை. தெரு நெடுகச் சிந்தாமல் சுமந்து வந்து, கிறிஸ்துராஜ் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஈச்சமரத்தின் வேரில் ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். அதன்பிறகு தினமும் ஊற்றினாள். கிறிஸ்துராஜ் ஜன்னல் கம்பியை அறுத்துவிட்டு அந்த வழியே ஏறி இறங்கப் பழகிக்கொண்டார்.